மேனுவல் வண்டியை நிறுத்தும்போது பலரும் செய்யும் தவறுகள்

சிங்கப்பூரில் இப்போது பெரும்பாலான கார்கள் ஆட்டோ கியர்தான். ஆனாலும் வகுப்பு 3 உரிமம் எடுத்து லாரி, வேன் ஓட்டுபவர்கள், ஜோகூர் பாருவில் கார் வாடகைக்கு எடுப்பவர்கள், ஊருக்குப் போனால் அண்ணன் காரை வாங்கி ஓட்டுபவர்கள் என்று கிளட்ச் மிதிப்பவர்கள் நம்மில் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். வண்டியைக் கிளப்பும்போது இருக்கிற கவனம் நிறுத்தும்போது இருப்பதில்லை. இறங்கிப் போன பிறகு வண்டி தானாக உருண்டால், இடையில் நிற்பது ஒரு குழந்தையாகக்கூட இருக்கலாம். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

"ஹேண்ட் பிரேக் போட்டாச்சு, போதும்" என்று நினைப்பதுதான் முதல் தவறு. பல கார்களில் அந்தக் கைப்பிடி ஒரு கேபிளை இழுக்கும், கேபிள் பின்சக்கர டிரம்முக்குள் இருக்கும் பிரேக் ஷூவை விரித்து அழுத்தும். நாளாக ஆகக் கேபிள் தளரும், ஷூ தேயும். கைப்பிடி வழக்கம்போல டக்டக்கென்று ஏறி நிற்கும், ஆனால் சக்கரத்தில் பிடி குறைந்திருக்கும். பின்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் (சக்கரத்தோடு சுற்றும் தட்டை இருபுறமும் கவ்விப் பிடிப்பது) உள்ள சில கார்களில் வேறு ஒரு சிக்கல். கெந்திங் மலையிலிருந்து பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் டிஸ்க் கொதிக்கும். அந்தச் சூட்டோடு ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுச் சாப்பிடப் போனால், டிஸ்க் ஆறிச் சுருங்கும்போது பிடி தளர்ந்துவிடும். நிறுத்தும்போது அசையாமல் நின்ற கார், நீங்கள் பாதிச் சாப்பாட்டில் இருக்கும்போது நகரும்.

அதனால்தான் கியரிலும் விட வேண்டும். கியர் விழுந்திருந்தால் சக்கரம் உருள எஞ்சினையும் சேர்த்துச் சுற்ற வேண்டும். சிலிண்டருக்குள் அழுந்தும் காற்று அதை எதிர்த்து நிற்கும். ஆனால் கியரை மட்டும் நம்பி விடுவதும் தவறுதான். அழுந்திய காற்று பிஸ்டன் ரிங் வழியாக மெல்லக் கசியும். பழைய எஞ்சினாக இருந்தால் வண்டி கொஞ்சம் நகர்ந்து நிற்கும், மறுபடி கொஞ்சம் நகரும். நான்காவது, ஐந்தாவது கியரில் விட்டால் பிடி இன்னும் குறைவு. முதல் கியர் அல்லது ரிவர்ஸ், இரண்டில் ஒன்றுதான்.

எதை எப்போது போடுவது? வண்டியின் முகம் ஏற்றத்தைப் பார்த்தால் முதல் கியர், இறக்கத்தைப் பார்த்தால் ரிவர்ஸ். கியரில் இருப்பதை மறந்து யாராவது சாவியைத் திருப்பினாலும் வண்டி மேட்டுப் பக்கம்தான் குதிக்கும், பள்ளத்தை நோக்கிப் பாயாது. ஆனாலும் கிளட்சை முழுதாக மிதித்து, கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்த பிறகு கிளப்புவதுதான் சரி. வெளியே நின்றபடி ஜன்னல் வழியாகக் கைவிட்டுச் சாவியைத் திருப்பும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

அடுத்தது வரிசை. இதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. பலர் கியரைப் போட்டு, கால் பிரேக்கை விட்டுவிட்டு, கடைசியில் ஹேண்ட் பிரேக்கை இழுப்பார்கள். வண்டியின் பாரம் ஏற்கெனவே கியரில் போய் உட்கார்ந்திருக்கும். ஹேண்ட் பிரேக் உண்மையில் பிடிக்கிறதா என்று அவர்களுக்குத் தெரியவே தெரியாது. சரியான முறை இது: கால் பிரேக்கை மிதித்தபடி நியூட்ரலுக்கு வாருங்கள். ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுங்கள். இப்போது கால் பிரேக்கை மெதுவாக விடுங்கள். வண்டி லேசாக அசைந்து அடங்கும், பாரம் ஹேண்ட் பிரேக்கில் உட்கார்ந்துவிட்டது. அப்புறமும் நகர்ந்தால் ஹேண்ட் பிரேக் பலவீனமாக இருக்கிறது, ஒர்க்‌ஷாப்புக்குப் போக வேண்டும். அடங்கி நின்றால் மறுபடி கால் பிரேக்கை மிதித்து, எஞ்சினை அணைத்து, கிளட்சை மிதித்துக் கியரைப் போட்டு இறங்குங்கள். சில விநாடி வேலைதான், தினமும் ஹேண்ட் பிரேக்கைச் சோதித்த மாதிரியும் ஆயிற்று.

"இங்கே தரை சமமாகத்தானே இருக்கிறது" என்பார்கள். கண்ணை நம்ப வேண்டாம். 1,200 கிலோ எடையுள்ள கார், 50 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கும் தரையில் நின்றாலே சுமார் 24 கிலோ பாரம் அதைக் கீழே இழுக்கும். கார் உருளத் தொடங்க அதுவே போதும். பலமாடி கார் நிறுத்துமிடங்களில், மொட்டை மாடித் தளம்கூட மழைநீர் வடிவதற்காகச் சற்றுச் சாய்வாகத்தான் இருக்கும். 10 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கும் சாய்வில் அதே காரை இழுக்கும் பாரம் 120 கிலோ. சரக்கு ஏற்றிய 14 அடி லாரி என்றால் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஊரிலிருந்து கூடவே வரும் பழக்கம் ஒன்று உண்டு. சென்னை அடுக்குமாடிகளில் ஒரு காருக்குப் பின்னால் இன்னொரு காரை நிறுத்தும்போது, பக்கத்து வீட்டுக்காரர் தள்ளிக்கொள்ளட்டும் என்று நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போடாமல் விடுவார்கள். இங்கே கோடு போட்ட லாட்டில் நிறுத்துகிறோம், அதற்குத் தேவையே இல்லை.

சாலையோரச் சரிவில் நிறுத்தினால் ஸ்டியரிங்கையும் திருப்பி வையுங்கள். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம். முகம் இறக்கத்தைப் பார்த்தால் சக்கரத்தை இடப்பக்கம், ஓரக்கல்லை நோக்கித் திருப்ப வேண்டும். ஏற்றத்தைப் பார்த்தால் வலப்பக்கம். எப்படி உருண்டாலும் டயர் ஓரக்கல்லில் முட்டி நிற்கும். ஓரக்கல் இல்லாத இடத்தில் இரண்டுக்குமே இடப்பக்கம்தான், வண்டி சாலைக்குள் வராமல் ஓரமாக இறங்கும்.

டெலிவரி ஓட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. "ரெண்டே நிமிஷம்" என்று எஞ்சினை ஓடவிட்டு இறங்கினால் கியரில் விட முடியாது, ஹேண்ட் பிரேக் ஒன்றுதான் காவல். நின்ற வண்டியில் எஞ்சினை ஓடவிடுவது இங்கே சட்டப்படியும் குற்றம்.

டயர் மாற்றும்போது நடக்கும் தவறு இதைவிட ஆபத்தானது. சிறிய லாரிகள் பலவற்றில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இருக்காது, கியர் பெட்டிக்குப் பின்னால், எஞ்சின் விசையைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டைப் பிடிக்கும். ஒரு பின்சக்கரத்தை ஜாக் வைத்துத் தூக்கியதும், டிஃபரன்ஷியல் (இரண்டு பின்சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கர அமைப்பு) வழியாக அந்தச் சக்கரம் காற்றில் சுற்றும், தரையில் இருக்கும் மற்றது உருளும். ஹேண்ட் பிரேக்கும் கியரும் இரண்டுமே அந்த நேரத்தில் வண்டியை நிறுத்தாது. முன்சக்கரம் இழுக்கும் காரில் முன்சக்கரத்தைத் தூக்கினால் கியரின் பிடி இதே மாதிரிப் போய்விடும். எனவே ஜாக்கைத் தொடும் முன்பே, தரையில் இருக்கப்போகும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். கட்டையை லாரியிலேயே நிரந்தரமாக வைத்திருக்க முதலாளியிடம் கேளுங்கள், கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

இத்தனைக்குப் பிறகும் வண்டி உருண்டுவிட்டால் முன்னாலோ பின்னாலோ போய் நின்று தடுக்கப் பார்க்காதீர்கள், ஓடிப்போய் உள்ளே ஏறவும் முயலாதீர்கள். சத்தம் போட்டு ஆட்களை விலகச் செய்யுங்கள். பம்பரை மாற்றிக்கொள்ளலாம்.