மோட்டார் ஓடுது, தண்ணி வரல

ஊட்டியில் எங்கள் வீட்டு வாசலில் 200 லிட்டர் டிரம் ஒன்று உண்டு. அதிலிருந்து சமையலறைக் குடத்துக்குத் தண்ணீர் மாற்ற, இரண்டு பெரிய டார்ச் பேட்டரி போடும் கையடக்க மோட்டார் பம்பு வாங்கினேன். ஜனவரியில் ஒரு காலை, புல்லெல்லாம் உறைபனி. பம்பு முனகியது, சொட்டுத் தண்ணீர் வரவில்லை.

"இந்த உயரத்துல உறிஞ்சாது தம்பி," என்றார் பக்கத்து வீட்டு அண்ணன். ஊட்டி சுமார் 2,240 மீட்டர். மேலே உட்கார்ந்து உறிஞ்சும் பம்பு என்றால் அவர் சொல்வதில் நியாயம் உண்டு. இதில் விசிறி குழாயின் அடியில், தண்ணீருக்குள் இருக்கிறது. அது உறிஞ்சாது, தள்ளும்.

முதல் குற்றவாளி குளிர். ராத்திரி முழுக்க வெளியே கிடந்த பேட்டரிக்கு வலு இறங்கிவிடும். அடுப்பங்கரையில் அரை மணி நேரம் வைத்துப் போட்டதும் மோட்டார் சத்தமே மாறியது. ஆனாலும் தண்ணீர் நூல் மாதிரிதான் வந்தது. அடிமூடியைக் கழற்றினால் பாசியும் சில்வர் ஓக் இலைத் துணுக்கும் விசிறியைச் சுற்றியிருந்தன. பழைய பல் துலக்கும் பிரஷ் போதும். இப்போது அடியில் நைலான் துணி கட்டியிருக்கிறேன்.

அன்றைக்கே இன்னொரு கூத்து. சுவிட்சை அணைத்தும் தண்ணீர் நிற்கவில்லை, சமையலறை குளம். குடம் டிரம்மை விடத் தாழ்வாக இருந்தால் தானாகவே வடியும். குழாய் நுனியை டிரம்மின் நீர்மட்டத்துக்கு மேலே தூக்க வேண்டும்.

ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் மாற்ற அண்ணன் இதைக் கேட்டார். கொடுக்கவில்லை. மோட்டாரில் பொறி பறக்கும்.