டப்ளின் டெம்பிள் பாரில் முதல் மாலை: கவுண்டரில் விழிக்காமல் இருப்பது எப்படி?

டப்ளினுக்கு முதன்முறை சென்றபோது, பப் எனப்படும் மதுக்கூடம் ஒன்றில் நல்ல மேசையாகப் பார்த்து அமர்ந்து, யாராவது வந்து என்ன வேண்டும் என்று கேட்பார்கள் என இருபது நிமிடம் காத்திருந்தேன். யாரும் வரவில்லை. எனக்குப் பின்னால் வந்தவர்கள் இரண்டாவது கோப்பையில் இருந்தார்கள். அந்த மாலையில் கற்றுக்கொண்டவற்றைப் புதிதாகச் செல்பவர்களுக்காக இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் பெயரைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். டெம்பிள் பார் என்பது லிஃபி ஆற்றின் தென்கரைக்கும் டேம் தெருவுக்கும் இடையே கல் பாவிய குறுந்தெருக்கள் கொண்ட ஒரு பகுதி. அதே பெயரில் சிவப்பு வண்ணம் பூசிய பப் ஒன்றும் அங்கே இருப்பதால்தான் பலரும் குழம்புகிறார்கள். 1980களில் இங்கே பேருந்து நிலையம் கட்டுவதற்காக அரசுப் போக்குவரத்து நிறுவனம் கட்டடங்களை வாங்கி, இடிக்கும் வரை குறைந்த வாடகைக்கு விட்டது. வாடகைக்கு வந்த ஓவியர்களும் சிறு கடைக்காரர்களும் இடத்திற்கு உயிர் கொடுத்துவிட, நிலையத் திட்டம் கைவிடப்பட்டு, 1991இல் அரசே இதைப் பண்பாட்டுப் பகுதியாக வளர்க்கத் தொடங்கியது.

படி 1: விமான நிலையத்திலிருந்து நகருக்கு ரயில் கிடையாது. விமான நிலையக் கடையிலேயே லீப் கார்டு என்னும் பயண அட்டையை வாங்கிக்கொண்டு நகரப் பேருந்தில் ஏறுங்கள். பணமாகக் கொடுப்பதானால் அந்தப் பேருந்துகளில் நாணயம் மட்டுமே எடுபடும். நோட்டை நீட்டினால் இறங்க வேண்டியதுதான்.

படி 2: வார நாளில் மாலை நான்கு, ஐந்து மணிக்குச் செல்லுங்கள். வடகரையிலிருந்து, 1816இல் கட்டப்பட்ட ஹேப்பென்னி நடைபாலத்தைக் கடந்து, எதிரே தெரியும் மெர்ச்சன்ட்ஸ் ஆர்ச் என்னும் வளைவுச் சந்துக்குள் நுழைந்தால் நேராக அங்கே போய்ச் சேரலாம். சனிக்கிழமை இரவில் நிற்கவும் இடமிருக்காது. மழையில் அந்தக் கற்கள் வழுக்கும் என்பதால் தட்டையான காலணியே நல்லது.

படி 3: கவுண்டர். நான் இடறியது இங்கேதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். உணவு பரிமாறும் சில இடங்களைத் தவிர, பானம் வேண்டுமென்றால் நீங்களே கவுண்டருக்குச் செல்ல வேண்டும். அங்கே வரிசை என்று ஒன்று கண்ணுக்குத் தெரியாது. ஆனால் யார் முதலில் வந்தார் என்பது பார்மேனுக்கும் சுற்றி நிற்பவர்களுக்கும் தெரிந்தே இருக்கும். கையைத் தட்டுவதோ பணத்தை ஆட்டிக் காட்டுவதோ அங்கே மரியாதைக் குறைவு. அவருடைய கண்ணைச் சந்தித்தால் போதும். பைன்ட் என்றால் 568 மில்லி. அயர்லாந்தில் "கிளாஸ்" என்று கேட்டால் அதில் பாதிதான் வரும் என்பதை நான் கேட்ட பிறகுதான் அறிந்தேன்.

கின்னஸ் என்னும் கறுப்பு பீரைக் கேட்டால் கோப்பையைச் சாய்த்துப் பிடித்து முக்கால் அளவு ஊற்றி, அப்படியே ஓரமாக வைத்துவிட்டு அடுத்தவரைக் கவனிக்கப் போய்விடுவார். என்னை மறந்துவிட்டார் என்று நினைத்து நான் கோப்பையை எடுக்கப் போக, அவர் திரும்பிப் பாராமலே அதன் வாயை உள்ளங்கையால் மூடினார். நைட்ரஜன் குமிழ்கள் அடங்கி, பழுப்பாகக் கலங்கிய பானம் கீழிருந்து கறுத்து, வெண்ணுரை மேலே தனியாகப் பிரிவதற்கு இரண்டு நிமிடம் ஆகும். அதன் பிறகுதான் மீதியை ஊற்றி உங்கள் பக்கம் நகர்த்துவார். பணத்தை அப்போதே கொடுத்துவிட வேண்டும். கவுண்டரில் டிப்ஸ் கட்டாயமில்லை.

யாராவது உங்களுக்கும் சேர்த்து வாங்கினால், அடுத்த சுற்றை நீங்கள் வாங்க வேண்டும் என்பது எழுதப்படாத கணக்கு. அதில் சேர விருப்பமில்லையென்றால் முதல் சுற்றிலேயே சொல்லிவிடுங்கள். பாதியில் கழன்றுகொள்வதுதான் தவறாக எடுத்துக்கொள்ளப்படும்.

படி 4: ஒரு பைன்ட்டோடு நிறுத்திக்கொண்டு வெளியேறுங்கள். டெம்பிள் பாரின் விலை நகரின் மற்ற இடங்களைவிட அதிகம். பாட்டும் பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளுக்கானது. இப்பகுதியின் கிழக்கு ஓரத்தில், ஃப்ளீட் தெருவில் உள்ள பேலஸ் பார் 1823 முதல் நடக்கிறது. ஒரு காலத்தில் பத்திரிகையாளர்கள் கூடிய இடம். பேச்சுத் துணை வேண்டுமென்றால் சவுத் வில்லியம் தெருவின் குரோகன்ஸைச் சொல்வேன்: பாட்டு இல்லை, சுடச்சுட டோஸ்ட் சாண்ட்விச் உண்டு. மரபிசை கேட்க வேண்டுமென்றால் ஆற்றைக் கடந்து ஸ்மித்ஃபீல்டில் உள்ள காபிள்ஸ்டோனுக்குப் போங்கள். மேடை ஏதுமின்றி, வாசலருகே ஒரு மூலையில் கலைஞர்கள் கூடி அமர்ந்து வாசிப்பார்கள்; அவர்களருகே உரக்கப் பேசக்கூடாது.

படி 5: வார நாட்களில் இரவு 11:30க்கும், வெள்ளி, சனிக்கிழமைகளில் 12:30க்கும் விற்பனை நிற்கும், குடித்து முடிக்க அரை மணி நேரம் தருவார்கள். தனி உரிமம் பெற்ற இடங்கள் மட்டும் பின்னிரவு வரை திறந்திருக்கும். 2004 முதல் பப்புக்குள் புகைக்கத் தடை உள்ளது. கோப்பையோடு தெருவில் இறங்கி நடக்காதீர்கள். பொதுவிடத்தில் குடிப்பதை மாநகர விதிகள் தடுக்கின்றன.

பின்சேர்க்கை: நண்பர் ஒருவர், பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவோடு புறப்படத் தயாரானதாகச் சொன்னார். அயர்லாந்து ஷெங்கனில் இல்லை. இந்தியக் கடவுச்சீட்டுக்குத் தனி விசா வேண்டும். பிரிட்டன் விசாவில் பிரிட்டிஷ் ஐரிஷ் விசாத் திட்டக் குறிப்பு (BIVS) இருந்து, முதலில் பிரிட்டனுக்குள் நுழைந்திருந்தால் அதுவே போதும்.

இரண்டாவது பின்சேர்க்கை: குழந்தைகளோடு செல்பவர்கள் இரவு ஒன்பது மணிக்குள், மே முதல் செப்டம்பர் வரை பத்து மணிக்குள், அவர்களை வெளியே அழைத்துவந்துவிட வேண்டும். மது அருந்தாதவர்கள் கின்னஸ் 0.0 கேட்கலாம். முன்பு கின்னஸைத் தெளியவைக்க மீன் பசை பயன்பட்டது. அதைக் கைவிட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டதால் சைவர்கள் தயங்க வேண்டியதில்லை. குழாயிலிருந்து ஊற்றும் 0.0வும் இரண்டு தவணையாகத்தான் வரும், ஆகவே அங்கும் கையை நீட்டிவிடாதீர்கள்.