ஊடக வரலாற்று ஆய்வு: புதுச்சேரி, கடலூர் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாரதி நடத்திய 'இந்தியா' வார இதழை ஆய்வேட்டுக்கு எடுக்கலாமா என்று முதுகலை மாணவர்கள் கேட்பதுண்டு. தாராளமாக எடுக்கலாம். ஆனால் பத்திரிகையைப் பற்றி அரசாங்கம் எழுதிவைத்ததைப் படித்துவிட்டு, பத்திரிகையையே படித்ததாக நினைத்துக்கொள்ளக் கூடாது. நான் பார்த்தவரை பெரிய தவறு இதுதான்.

சென்னை மாகாண அரசு சுதேசப் பத்திரிகைகளைப் பற்றி அவ்வப்போது ரகசிய அறிக்கை தயாரித்தது. மொழிபெயர்ப்பாளர்கள் தமிழ்ச் செய்திகளை ஆங்கிலத்தில் சுருக்கித் தந்தார்கள். எந்தப் பத்திரிகை அரசைத் தாக்குகிறது, ஜனங்கள் என்ன குறை சொல்கிறார்கள் என்பதுதான் அதிகாரிகளுக்கு வேண்டியிருந்தது. விளம்பரம், தொடர்கதை, சந்தா பாக்கி கேட்டுக் கெஞ்சும் அறிவிப்பு எல்லாம் அதில் ஏறாது. அறிக்கையை மட்டும் நம்பினால், அந்தக் காலப் பத்திரிகை முழுக்க அரசியலாகவே இருந்தது என்ற முடிவுக்குத்தான் வருவீர்கள். மூல இதழ் கிடைக்கும் இடங்களில் அறிக்கையின் ஒரு பத்தியையும் தமிழ்ப் பத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எது விடுபட்டது, எது காரமானது, எது மழுங்கியது? ஒரு முழு இயலுக்கு விஷயம் தேறும்.

அடுத்தது, எல்லையை மறப்பது. கடலூர் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. புதுச்சேரி 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில். 1867ஆம் ஆண்டின் அச்சக, நூல் பதிவுச் சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவுக்கு மட்டும்தான். ஆகவே அந்தச் சட்டப்படி பதிவானவற்றின் சென்னைப் பட்டியலில் பெயர் இல்லை என்பதால் புதுவையில் அந்த இதழ் வரவே இல்லை என்று எழுதிவிட முடியாது. 1908இல் புதுச்சேரிக்கு இடம்பெயர்ந்த 'இந்தியா'வுக்கு வாசகர்கள் பெரும்பாலும் எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் அதைத் தடுத்த பிறகு, 1910இல் இதழ் நின்றுபோனது. எனவே எத்தனை பேர் படித்தார்கள் என்று கேட்பதற்கு முன் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று கேளுங்கள். அப்புறம், பிரெஞ்சு ஆவணங்கள் பிரெஞ்சில்தான் இருக்கும். தலைப்பைப் பதிவு செய்யும் முன்பே மொழிக்கு வழி தேடிக்கொள்ளுங்கள்.

இதழில் ஆசிரியர் என்று அச்சான பெயரை அப்படியே எடுத்துக்கொள்வது இன்னொரு தவறு. சென்னையில் 'இந்தியா' வந்தபோது எழுத்தின் உயிர் பாரதி. சட்டப்படி பதிவாகியிருந்தவர் எம். சீனிவாசன். 1908இல் ராஜத்துரோக வழக்கில் ஐந்தாண்டு தண்டனை பெற்றதும் அவர்தான். அந்த மனிதரைப் பற்றி நாம் இன்னும் அதிகம் எழுதியிருக்க வேண்டும்.

மின்வருடிய (ஸ்கேன் செய்த) பக்கங்களில் கணினியில் தேடிவிட்டு "எங்குமே இல்லை" என்று எழுதாதீர்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய னை, லை, றா வடிவங்களில் கணினி தடுமாறும். சில மாதங்களுக்கான இதழ்களையாவது பக்கம் பக்கமாகப் புரட்டிப் பாருங்கள்.

வானொலியை எடுப்பவர்கள் நேர்காணலில் கோட்டை விடுகிறார்கள். "வானொலி உங்கள் வாழ்க்கையை எப்படி மாற்றியது?" என்று கேட்டால், பெரியவர்கள் நமக்குப் பிடித்த பதிலைத்தான் சொல்வார்கள். ரேடியோ வீட்டில் எங்கே இருந்தது, ஸ்டேஷன் மாற்றும் உரிமை யாருக்கு, ரேடியோ வைத்திருக்க அந்தக் காலத்தில் வேண்டியிருந்த லைசென்ஸுக்குப் பணம் கட்டத் தபால் ஆபீசுக்குப் போனது யார் என்று கேளுங்கள். புதுச்சேரி வானொலியை மட்டும் கேட்டுவிட்டு எழுந்துவிடாதீர்கள். இந்தக் கரையோர வீடுகளில் இலங்கை வானொலியும் பாடிக்கொண்டிருந்தது. பழைய லைசென்ஸ் புத்தகம் பரணில் கிடந்தால், அனுமதி கேட்டு ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.