பேதி வந்தால் முதலில் பார்க்க வேண்டியது

சென்னை வியாசர்பாடியில் மழைத் தண்ணீர் தேங்கினால் போதும், பேதி என்று வருபவர்கள் கூடிவிடுவார்கள். நர்ஸாக நான் முதலில் கேட்பது: "போனதைப் பார்த்தீங்களா? சளி, ரத்தம் இருந்துச்சா?" பலர் கூச்சப்பட்டு, பார்க்காமலே தண்ணீர் ஊற்றிவிடுகிறார்கள். தயவுசெய்து பாருங்கள்.

தண்ணீராக மட்டும் போனால் பெரும்பாலும் சிறுகுடல் தொந்தரவு, சில நாளில் அடங்கிவிடும். கொஞ்சம் கொஞ்சமாகச் சளியும் ரத்தமுமாகப் போய், வயிறு முறுக்கி, போய் வந்த பிறகும் இன்னும் வருவது போலவே இருந்தால் பெருங்குடல் புண்ணாகியிருக்கிறது. அதுதான் சீதபேதி. திடீரென்று காய்ச்சலோடு வந்தால் ஷிகெல்லா போன்ற பாக்டீரியாவைச் சந்தேகிப்போம். காய்ச்சல் அதிகமில்லாமல் இழுத்துக்கொண்டே போனால் அமீபா என்ற ஒட்டுண்ணியாக இருக்கலாம். உறுதியாகச் சொல்ல மலப் பரிசோதனை வேண்டும். மாத்திரை தொடங்கும் முன்பே, சிறுநீர் கலக்காமல் எடுத்து, சூடு ஆறுவதற்குள் லேப்பில் கொடுங்கள். அமீபா நகர்வது புது மலத்தில்தான் தெரியும்.

மெடிக்கல் ஷாப்பில் "பேதி நிக்க ஒரு மாத்திரை" என்று மட்டும் கேட்காதீர்கள். அப்படிக் கொடுக்கும் லோபரமைடு மாத்திரை குடலின் அசைவைக் குறைக்கும். ரத்தமும் காய்ச்சலும் இருக்கும்போது கிருமி வெளியேறாமல் உள்ளேயே தங்கிவிடும். போன தடவை மிஞ்சிய ஆன்டிபயாடிக்கும் வேண்டாம். டாக்டர் பார்த்துக் கொடுக்கட்டும்.

அதுவரை உப்பு-சர்க்கரைக் கரைசலான ஓ.ஆர்.எஸ். குடியுங்கள். பெரிய பாக்கெட் 1 லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு. அட்டையைப் படித்துவிட்டுக் கலக்குங்கள். கலக்கியதை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். பாக்கெட் கிடைக்காவிட்டால் 1 லிட்டர் தண்ணீரில் தலை தட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. கஞ்சி, இட்லி, மோர் சாதம், முடிந்ததைச் சாப்பிடலாம்.

குழந்தைக்குக் கண் குழிந்து, துவண்டு, சிறுநீரே போகாமல் இருந்தால் காத்திருக்காதீர்கள். எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை இரவிலும் பார்க்கும். வண்டி இல்லையென்றால் 108.

வாரக்கணக்கில் ரத்தம் போய் எடையும் குறைந்தால் அது சாதாரண சீதபேதியாக இல்லாமலும் போகலாம். குடல் காசநோயும், பெருங்குடலில் நாள்பட்ட புண் வரும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸும் இப்படிக் காட்டலாம். குடல் மருத்துவரைப் பாருங்கள், குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோப்பி சொன்னால் பயப்படாமல் செய்துகொள்ளுங்கள்.

அப்புறம் தண்ணீர். அமீபாவின் முட்டை போன்ற கூடு குடிநீரில் போடும் குளோரினுக்கு எளிதில் சாகாது. லாரித் தண்ணீரோ கேனோ, எதுவானாலும் தளதளவென்று கொதித்த பிறகே குடியுங்கள். பேதி இருப்பவர் குணமாகும்வரை வீட்டில் சமைக்க வேண்டாம்.