ஹனோய் முதல் சைகோன் வரை: இறங்கி இறங்கிச் சாப்பிட ஒரு வழி

செங்கோட்டை – புனலூர் மீட்டர் கேஜ் பாதையில் பல ஆண்டுகள் கார்டாக இருந்து பச்சைக் கொடி காட்டியவன் நான். 2010இல் அகலப்படுத்துவதற்காக அந்தப் பாதையை மூடியபோது, அந்தத் தடதடப்பு இனி காதில் விழாது என்றுதான் நினைத்தேன். ஓய்வு பெற்ற பிறகு வியட்நாமில் விழுந்தது. ஹனோயிலிருந்து சைகோன் (இன்றைய ஹோ சி மின் நகரம்) வரை 1,726 கிலோமீட்டரும் மீட்டர் கேஜ்தான். பிரெஞ்சுக்காரர்கள் 1936இல் போட்டு முடித்த பாதை. போரில் துண்டுதுண்டாகி, 1976 டிசம்பர் 31 அன்று மறுபடியும் இணைந்து ஓடத் தொடங்கியது.

இந்த வண்டியில் ஏறி ஒரே மூச்சில் சைகோனில் இறங்கலாம். ஏறத்தாழ ஒன்றரை நாள். தயவுசெய்து அப்படிப் போகாதீர்கள். அங்கே ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் ஓர் ஊர் உண்டு. அந்த ஊரில் இறங்கித்தான் அதைச் சாப்பிட வேண்டும். ஆகவே டிக்கெட்டை மூன்று துண்டாக வாங்குங்கள்: ஹனோயிலிருந்து ஹுவேக்கு இரவு வண்டி, ஹுவேயிலிருந்து தா நாங்குக்குப் பகல் வண்டி, தா நாங்கிலிருந்து சைகோனுக்கு மறுபடியும் இரவு வண்டி. எஸ்இ1, எஸ்இ3 என்று ஒற்றைப்படை எண் உள்ளவை தெற்கே போகும், இரட்டைப்படை வடக்கே வரும். நான்கு பேர் அறையும் உண்டு, ஆறு பேர் அறையும் உண்டு. கீழ்ப்படுக்கைக்கு விலை கூடுதல், உச்சிப் படுக்கை மலிவு. ஆறு பேர் அறையின் உச்சிப் படுக்கையில் நிமிர்ந்து உட்கார முடியாது. ஐம்பதைத் தாண்டியவர்கள் அங்கே சிக்கனம் பார்க்க வேண்டாம்.

செப்டம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை நடு வியட்நாமில் அடைமழை. 'தேத்' என்னும் அவர்களுடைய புத்தாண்டை ஒட்டி டிக்கெட் கிடைப்பது நம் ஊர்த் தீபாவளிக் கதைதான். நாங்கள் மார்ச்சில் போனோம். விசாவை இணையத்திலேயே வாங்கிவிடலாம். 2023 ஆகஸ்டிலிருந்து 90 நாள் வரை தருகிறார்கள்.

பணத்தில் கவனம் தேவை. 20,000 டாங் நோட்டும் நீலம், 500,000 டாங் நோட்டும் நீலம். இரண்டாம் நாளே ஒரு கரும்புச்சாறு வண்டியில் இருபதாயிரம் என்று நினைத்து ஐந்து லட்சத்தை நீட்டிவிட்டு நடந்தேன். அந்த அம்மாள் வண்டியை அப்படியே போட்டுவிட்டு, ஈரக்கையோடு தெருமுனை வரை ஓடிவந்து நோட்டைத் திணித்தார். திட்டினார் என்றுதான் தோன்றியது, மொழி புரியவில்லை. அன்று மாலையே பெரிய நோட்டுகளைத் தனிப் பையில் போட்டேன். நீங்கள் விமான நிலையத்திலேயே போட்டுவிடுங்கள்.

ஹனோயில் காலைக்கு ஃபோ, அதாவது இறைச்சிச் சாற்றில் மிதக்கும் அரிசிச் சேவை. பிளாஸ்டிக் முக்காலி அரை அடி உயரம்தான் இருக்கும்; உட்கார்ந்தால் முழங்கால் மார்பில் இடிக்கும். அதற்காகப் பெரிய கடை தேடிப் போகாதீர்கள். கிண்ணம் வந்ததும் எலுமிச்சையைப் பிழியாமல் முதலில் இரண்டு கரண்டி சாற்றை மட்டும் குடியுங்கள். அன்னாசிப்பூவும் பட்டையும் சுட்ட இஞ்சியும் ஒவ்வொன்றாகத் தெரியும். பிறகு பிழியுங்கள், மிளகாய் போடுங்கள். மாட்டிறைச்சி வேண்டாம் என்பவர்கள் 'ஃபோ கா' என்று கேட்டால் கோழி. மதியத்துக்கு பூன் சா: கரியில் சுட்ட பன்றி இறைச்சி, சேவை, தழைகள். முட்டைக் காபி 1946இல் பால் தட்டுப்பாட்டுக் காலத்தில் பிறந்தது. மஞ்சள் கருவை இனிப்பான டின் பாலோடு நுரைக்க அடித்துக் காபியின் மேல் ஊற்றுகிறார்கள். முட்டை என்றதும் என் மனைவி எழுந்து வெளியே போய்விட்டாள். அவளுடைய பங்கையும் நானே குடித்தேன்.

அவள் சுத்த சைவம். இதுதான் எங்கள் பயணத்தின் பெரிய சோதனை. ஹனோயில் ஒரு கடையில் கையை ஆட்டி, தலையை ஆட்டி, "இறைச்சி வேண்டாம்" என்று புரியவைத்துவிட்டதாக நினைத்தோம். சேவை வந்தது, இறைச்சி இல்லை. ஆனால் சாறு மாட்டெலும்பில் கொதித்தது. இறைச்சித் துண்டை எடுத்துவிட்டால் சைவம் என்பது கடைக்காரரின் கணக்கு. அவரைக் குறை சொல்ல முடியாது, நாங்கள் சரியான சொல்லைச் சொல்லவில்லை. அந்தச் சொல் 'சாய்'. பௌத்த வழிச் சைவச் சமையலுக்கு அங்கே அதுதான் பெயர். வியட்நாமிய எழுத்து ரோமன் எழுத்துத்தான் என்பதால், 'கோம் சாய்' (Cơm chay) அதாவது சைவச் சோறு என்ற பலகையை நீங்களே தெருவில் படித்துக் கண்டுபிடிக்கலாம். அந்தப் பலகை உள்ள கடையில் மீனைப் புளிக்கவைத்து எடுக்கும் சாறான 'நூக் மாம்' சேராது. மற்ற கடைகளில் வதக்கிய கீரையில்கூட அது இருக்கும்.

இன்னொன்றும் சொல்கிறேன், இதை எங்களுக்கு முன்கூட்டி யாரும் சொல்லவில்லை. பௌர்ணமியன்றும், அமாவாசையை ஒட்டி வரும் அவர்களுடைய மாத முதல் நாளிலும் பல குடும்பங்கள் அங்கே சைவம்தான் சாப்பிடுகின்றன. பௌத்த மடங்கள் நிறைந்த ஹுவேயில் இது இன்னும் அதிகம். நாங்கள் ஹுவேயில் இறங்கியது தற்செயலாகப் பௌர்ணமி. நடைபாதைக் கடைகளில்கூடச் சைவம். என் மனைவி அன்று நான்கு வேளை சாப்பிட்டாள். நாள்காட்டியைப் பார்த்து உங்கள் ஹுவே நாளைப் பௌர்ணமியில் வையுங்கள்.

அங்கே பான் பெயோ கட்டாயம். சின்னச் சின்னப் பீங்கான் தட்டில் அரிசி மாவை ஆவியில் வேகவைத்தது. நம் தட்டை இட்லியின் பேத்தி என்று சொல்லலாம். வழக்கமாக மேலே உலர்ந்த இறால் தூவுவார்கள், சாய் கடையில் அதற்குப் பதில் பாசிப்பருப்பு. அசைவக்காரர்களுக்கு எலுமிச்சம்புல் மணக்கும் மாட்டிறைச்சிச் சேவையான பூன் போ ஹுவே. 1802 முதல் 1945 வரை ஆண்ட நுயென் அரசர்களின் கோட்டைக்கு அரை நாள் போதும்.

ஹுவே – தா நாங் நூறு கிலோமீட்டர்தான், வண்டி ஏறக்குறைய மூன்று மணி நேரம் எடுத்துக்கொள்ளும். இந்தத் துண்டுக்குப் படுக்கை வாங்காதீர்கள், இருக்கை வாங்குங்கள். தெற்கே போகும்போது இடது பக்கம். லாங் கோ ஏரியைத் தாண்டியதும் வண்டி மூச்சுவாங்க ஆரம்பிக்கும். அதுதான் ஹாய் வான் கணவாய். பெயருக்குக் 'கடல் மேகம்' என்று பொருள். கார்களும் பஸ்களும் 2005இல் திறந்த சுரங்கத்தில் மலைக்குள் புகுந்து போய்விடுகின்றன. ரயில் மட்டும் மலையின் வயிற்றைத் தடவிக்கொண்டு போகிறது. வளைவில் நம் இஞ்சினையே நாம் பார்க்கலாம். கீழே பாறையில் அலை. எங்கள் செங்கோட்டைப் பாதையின் பதின்மூன்று கண் பாலத்தில் எத்தனையோ முறை பிரேக் வேனில் நின்றிருக்கிறேன், ஆனால் அங்கே கடல் இல்லை. கண்ணாடி அழுக்காக இருந்தால் பெட்டியின் கோடிக்குப் போய்க் கதவருகே நில்லுங்கள். எழுந்து நின்றதற்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

தா நாங்கில் இஞ்சின் மறுமுனைக்கு மாறும். நாம் இறங்குகிறவர்கள், நமக்குக் கவலையில்லை. அங்கிருந்து ஹோய் ஆன் 30 கிலோமீட்டர். ரயில் கிடையாது, கார்தான். காகித விளக்குகளைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் காவ் லாவைச் சொல்கிறேன்: சாம்பல் நீரில் ஊறிய அரிசியில் செய்த தடித்த சேவை, அடியில் கொஞ்சமே கொஞ்சம் சாறு, மேலே பன்றி இறைச்சி, மொறுமொறு வில்லைகள். சாய் கடையில் பன்றிக்குப் பதில் டோஃபு. மஞ்சள் கலந்த அரிசி மாவில் சுடும் பான் செயோவைத் தோசை என்று நினைத்து வெறுமனே பிய்த்துத் தின்னாதீர்கள். கீரையில் சுருட்டித் தொட்டுச் சாப்பிட வேண்டும்.

மறுநாள் விடியலில் மீ சன். நான்காம் நூற்றாண்டில் சம்பா நாட்டு அரசன் பத்ரவர்மன் பத்ரேஸ்வரருக்குக் கோயில் எழுப்பிய இடம். சிவன் கோயில்கள், பெரும்பாலும் செங்கல். 1969இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் பல இடிந்தன. குண்டு விழுந்த பள்ளங்கள் புல் மூடிக் கிடக்கின்றன. நம் இந்தியத் தொல்லியல் துறை அங்கே சீரமைப்புப் பணி செய்தபோது, 2020இல் ஒரே கல்லாலான சிவலிங்கம் மண்ணுக்கடியிலிருந்து வெளிப்பட்டது. எட்டு மணிக்குமேல் கூட்டமும் வெயிலும் சேர்ந்துவரும்.

சைகோன் வண்டிக்கு வாழைப்பழமும் ரொட்டியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தள்ளுவண்டியில் சோறு வரும், சைவம் தேடினால் சோறு மட்டும்தான் மிஞ்சும். வெந்நீர் பெட்டியிலேயே கிடைக்கும்.

சைகோனில் துருவோங் தின் தெருவில் தமிழ் வணிகர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. வருகிறவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்கள், கையில் கற்றை ஊதுவத்தி. வரும் வழியில் சந்தையில் 'ஃபின்' என்னும் சின்னக் காபி வடிகட்டி வாங்குங்கள், டம்ளர் மேலேயே உட்காரும். நம் ஊர் ஃபில்டர் தூளை அதில் போட்டேன், அடைத்துக்கொண்டு சொட்டுக்கூட இறங்கவில்லை. கொஞ்சம் கரகரப்பாக அரைத்துத் தரச் சொல்லுங்கள், சிக்கரி வேண்டாம்.