அக்யுமுலேட்டர் கணக்கு எழுதுகிறீர்களா? இந்தத் தவறுகளைக் கவனியுங்கள்

கால்பந்தில் அக்யுமுலேட்டர் (பல ஆட்டங்களின் தேர்வுகளைக் கோத்து, எல்லாம் ஜெயித்தால் மட்டும் பணம் தருகிற ஒரே பந்தயம்) கட்டுகிற பலரிடம் கணக்கு வைத்திருக்கிறீர்களா என்று கேட்டால், "ஓ, இருக்கிறதே" என்பார்கள். திறந்து பார்த்தால் தேதி, கட்டிய தொகை, வந்த தொகை என்று மூன்று பத்திகள் இருக்கும். எவ்வளவு போனது என்பது அதில் தெரியும். ஏன் போனது, அடுத்த வாரம் எதை மாற்றுவது என்பது தெரியாது. முன்னேறுவதற்காக எழுதுகிற கணக்கில் இன்னும் கொஞ்சம் விவரம் வேண்டும், கொஞ்சம் நேர்மையும் வேண்டும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. கீழே வருகிற பலதும் இதை ஒட்டியதுதான். நான்கு ஆட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் ஆட்ஸ் (ஜெயித்தால் கட்டியதைப் போல எத்தனை மடங்கு திரும்பும் என்ற எண்) 1.50 என்று வைத்துக்கொள்வோம். புக்மேக்கர் (பந்தயம் ஏற்பவர்) தனக்கென்று 5 சதவீதம் மார்ஜின் சேர்த்திருக்கிறார் என்றால், ஒவ்வொரு தேர்வும் ஜெயிக்க உண்மையான வாய்ப்பு சுமார் 63.5 சதவீதம். நான்கையும் பெருக்கினால் மொத்த ஆட்ஸ் 5.06. நான்கும் சேர்ந்து ஜெயிக்கும் வாய்ப்பு 16 சதவீதத்துக்குச் சற்று மேல். அதாவது 100 கட்டினால் நீண்ட ஓட்டத்தில் சராசரியாக 82தான் திரும்பும். இதே தேர்வுகளைத் தனித்தனி சிங்கிளாகக் கட்டியிருந்தால் 95 திரும்பும். ஆட்ஸ் பெருகும்போது மார்ஜினும் கூடவே பெருகுகிறது. எட்டு ஆட்டங்களைக் கோத்தால் திரும்புவது 68 அளவுக்கு இறங்கிவிடும்.

ஸ்லிப்பை மட்டும் எழுதி, லெக்கை விட்டுவிடுவது

இதுதான் பெரிய தவறு. ஒரு ஸ்லிப்பில் (பந்தயச் சீட்டில்) இருக்கும் ஒவ்வொரு ஆட்டத்தின் தேர்வும் ஒரு லெக். ஸ்லிப் தோற்றது என்று ஒரே வரியில் முடித்துவிட்டால், அதற்குள் இருந்த நான்கு முடிவுகளைப் பற்றிய தகவலும் போய்விடுகிறது. மூன்று நல்ல தேர்வோடு ஒரு மோசமான தேர்வைச் சேர்த்தவருக்கும், நான்கையும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தவருக்கும் நோட்டில் ஒரே "தோல்வி"தான் பதிவாகும்.

ஒவ்வொரு லெக்கையும் தனி வரியில் எழுதுங்கள். லீக், ஆட்டம், எந்த வகைப் பந்தயம், வாங்கிய ஆட்ஸ், முடிவு, அப்புறம் அது எந்த ஸ்லிப்பைச் சேர்ந்தது என்று ஓர் எண். பிறகு ஒவ்வொரு லெக்கிலும் 1 யூனிட் (நீங்கள் வழக்கமாகக் கட்டும் தொகை) சிங்கிளாகக் கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கூட்டிப் பாருங்கள். 100 ஸ்லிப் கட்டியவருக்கு இப்படி 400 வரி கிடைக்கும். உங்கள் தேர்வில் உண்மையிலேயே சரக்கு இருக்கிறதா என்பதை அந்த 400 வரி சொல்லும் அளவுக்கு 100 ஸ்லிப் சொல்லாது.

லெக் வாரியாக எழுதும்போது இன்னொரு குறி போட்டுவையுங்கள்: இந்தத் தேர்வை அதன் தகுதிக்காக எடுத்தீர்களா, மொத்த ஆட்ஸைக் கொஞ்சம் ஏற்றுவதற்காகச் சேர்த்தீர்களா? பெரிய அணி, சொந்த மைதானம், 1.20 ஆட்ஸ், "எப்படியும் ஜெயிக்கும்" என்று கடைசியில் ஒட்டுகிற லெக் எல்லாரிடமும் உண்டு. இவைதான் ஸ்லிப்பைக் கெடுப்பவை. நீங்கள் நன்றாக ஆராய்ந்து எடுத்த ஒரு லெக்கில் 5 சதவீதம் சாதகம் இருக்கிறது, ஒட்டிய மூன்றில் 5 சதவீதம் பாதகம் இருக்கிறது என்றால், பெருக்கி வருவது 0.90. நல்ல தேர்வைத் தனியாகக் கட்டியிருந்தால் லாபப் பக்கம் நின்றிருக்கும். துணைக்கு மூன்று பேரைச் சேர்த்ததில் 10 சதவீத நஷ்டப் பந்தயமாகிவிட்டது.

"ஒரே ஒரு லெக்கில் போச்சு"

தோற்ற ஸ்லிப்புக்குப் பக்கத்தில் பலர் இப்படி எழுதி வைப்பார்கள். 90வது நிமிடத்தில் கோல், வராத பெனால்டி, சிவப்பு அட்டை என்று காரணமும் இருக்கும். அதைப் படிக்கும்போது, முறை சரியாகத்தான் இருக்கிறது, அதிர்ஷ்டம்தான் இல்லை என்று தோன்றும்.

மேலே சொன்ன நான்கு லெக் உதாரணத்துக்கே திரும்புவோம். நான்கும் ஜெயிக்க வாய்ப்பு 16 சதவீதம். சரியாக ஒன்று மட்டும் தோற்க வாய்ப்பு 37 சதவீதம். அதாவது ஜெயிப்பதைவிட "ஒன்றில் போவது" இரண்டு மடங்குக்கும் மேல் அடிக்கடி நடக்கும். அது அக்யுமுலேட்டரின் இயல்பு. எந்தத் திறமையும் இல்லாதவருக்கும் இதே அளவில்தான் நடக்கும். ஆகவே "கிட்டத்தட்ட ஜெயித்தது" என்று ஒரு பத்தி தேவையில்லை. யாருக்காவது வைத்தே ஆக வேண்டும் என்றால், எத்தனை ஸ்லிப்பில் ஒரு லெக் போனது என்று எண்ணி, எதிர்பார்க்கும் எண்ணிக்கையோடு ஒப்பிடட்டும். பெரும்பாலும் இரண்டும் அருகருகேதான் நிற்கும்.

ஆட்டம் முடிந்த பிறகு எழுதுவது

ஆட்டம் தொடங்குவதற்கு முன் எழுதாத காரணம் காரணமே இல்லை. முடிவு தெரிந்த பிறகு மனது தானாகவே ஒரு கதை கட்டிவிடும். ஏன் எடுத்தீர்கள் என்று ஒரே வரி போதும்: "எதிரணியின் இரண்டு சென்டர் பேக்குகளும் இல்லை", "வாரத்தில் இது மூன்றாவது ஆட்டம்". எழுத ஒன்றும் வரவில்லை என்றால் அதையும் அப்படியே எழுதுங்கள். காரணம் இல்லாமல் எடுத்த லெக்குகள் எத்தனை என்று சில மாதம் கழித்துப் பார்த்தால் திடுக்கிடுவீர்கள்.

கூடவே, உங்கள் மதிப்பில் ஜெயிக்கும் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்றும் ஓர் எண் போடுங்கள். 70 சதவீதம் என்று நீங்கள் போட்ட லெக்குகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பாருங்கள். அவற்றில் 58 சதவீதம்தான் ஜெயித்திருக்கிறது என்றால், பிரச்சினை எங்கே என்று தேட வேண்டியதே இல்லை.

முடிவு ஆட்ஸைக் குறிக்காமல் விடுவது

வாங்கிய ஆட்ஸை எழுதுபவர்கள்கூட, ஆட்டம் தொடங்கும் நேரத்தில் ஆட்ஸ் எங்கே நின்றது என்று எழுதுவதில்லை. கொஞ்சம் சலிப்பான வேலைதான். ஆனால் மொத்தக் கணக்கிலும் அதிகத் தகவல் தருகிற பத்தி இதுவே. காயம், அணித் தேர்வு, மற்றவர்கள் போட்ட பணம் எல்லாம் கலந்து கடைசி நிமிடத்தில் உருவாகிற ஆட்ஸ், பெரிய லீக்குகளில் உண்மையான வாய்ப்புக்கு மிக அருகில் இருக்கும். நீங்கள் 2.10க்கு வாங்கியது 1.95ல் முடிந்தால் சந்தையைவிட சுமார் 7.7 சதவீதம் நல்ல விலை வாங்கியிருக்கிறீர்கள். 2.10க்கு வாங்கியது 2.25ல் முடிந்தால் அவசரப்பட்டிருக்கிறீர்கள். ஒன்றிரண்டு ஆட்டத்தில் இதற்கு அர்த்தமில்லை. நூறு லெக்கில் தொடர்ந்து ஒரே பக்கம் சாய்ந்தால் நிறைய அர்த்தம் உண்டு. வெற்றி தோல்வி எண்ணிக்கை நிலைப்படுவதற்கு வெகு முன்பே இது சேதி சொல்லிவிடும்.

தொகையைத் தப்பாகப் போடுவது

சின்னச் சின்னதாகத் தோன்றும், ஆனால் வருடக் கடைசியில் கணக்கு ஒத்துப்போகாததற்கு இவைதான் காரணம்.

ஓர் ஆட்டம் ஒத்திவைக்கப்பட்டால் அந்த லெக் பொதுவாக ரத்தாகி, அதன் ஆட்ஸ் 1.00 ஆகக் கணக்கிடப்படும். நான்கு லெக் 5.06 ஆக இருந்த ஸ்லிப் மூன்று லெக்கோடு 3.375 ஆகிவிடும். கட்டிய அன்று எழுதிய 5.06ஐ அப்படியே விட்டுவிட்டு லாபம் கூட்டுபவர்கள் நிறைய. புக்மேக்கர் சலுகையாகத் தருகிற இலவச பெட் இன்னொரு பொறி. 10 யூனிட் இலவச பெட் 5.00 ஆட்ஸில் ஜெயித்தால், ஸ்டேக் (கட்டிய தொகை) திரும்பாத வகையாக இருந்தால், வருவது 40. அதை 50 என்று எழுதக்கூடாது. சொந்தப் பணத்தில் கட்டியதோடு கலக்கவும் கூடாது. போனஸ் பணத்தை ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்க்கும்போது சிலருடைய "லாபம்" முழுக்கவே போனஸ்தான் என்று தெரியவரும்.

கோப்பைப் போட்டிகளில் ஆட்ட முடிவுக்கான சாதாரணப் பந்தயம் 90 நிமிடமும் காயநேரமும் சேர்ந்ததோடு முடிந்துவிடும். கூடுதல் நேரத்தில் ஜெயித்த அணியை வெற்றி என்று பதிந்துவிடாதீர்கள்.

கேஷ் அவுட் எடுத்தால், அதாவது பந்தயம் முடியும் முன்பே புக்மேக்கர் தருகிற தொகையை வாங்கிக்கொண்டு விலகினால், இரண்டு எண்ணையும் எழுதுங்கள்: கையில் வந்தது, கடைசிவரை விட்டிருந்தால் வந்திருப்பது. கேஷ் அவுட் தொகையிலும் புக்மேக்கரின் மார்ஜின் ஒளிந்திருக்கும். தப்பித்த நாள் மட்டும் நினைவில் நிற்பதால், அது லாபம் என்றே பலர் நம்புகிறார்கள். ஐம்பது கேஷ் அவுட் சேர்ந்த பிறகு இரண்டு பத்தியையும் கூட்டினால் விஷயம் வெளியே வரும்.

கடைசியாக ஒரு சரிபார்ப்பு. எல்லாக் கணக்குகளிலும் நீங்கள் போட்ட மொத்தப் பணத்திலிருந்து, எடுத்ததையும் மீதி இருப்பையும் கழித்தால் வருவதுதான் உண்மையான நஷ்டம். உங்கள் ஸ்பிரெட்ஷீட் அதே எண்ணைக் காட்டவில்லை என்றால், எங்கோ ஸ்லிப் விடுபட்டிருக்கிறது. விடுபடுவது பெரும்பாலும் தோற்ற ஸ்லிப்பாகத்தான் இருக்கும்.

சீக்கிரம் முடிவுக்கு வருவது

நம் உதாரணத்தில் எந்தச் சாதகமும் இல்லாத ஒருவர் 100 ஸ்லிப் கட்டுகிறார். 20 ஜெயித்தாலே லாபம். சராசரியாக 16தான் ஜெயிக்க வேண்டும். ஆனாலும் ஏறக்குறைய ஐந்து பேரில் ஒருவர் வெறும் அதிர்ஷ்டத்தில் 20ஐத் தொட்டுவிடுவார். அவரிடமும் ஒரு "முறை" இருக்கும், அதை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவும் தொடங்கியிருப்பார்.

மறுபக்கமும் இப்படித்தான். இதே 100 ஸ்லிப்பில் தொடர்ச்சியாக 15 தோற்பது சாதாரணமான விஷயம். இது தெரியாதவர் எட்டாவது தோல்வியிலேயே பதறி முறையை மாற்றுவார், இல்லையென்றால் ஸ்டேக்கை ஏற்றுவார். ஒவ்வொரு தோல்விக்கும் இரட்டிப்பாக்குகிறவர் 15 தோல்விக்குப் பிறகு முதல் தொகையைப் போல 32,768 மடங்கு கட்ட வேண்டியிருக்கும். ஸ்டேக்கை யூனிட்டில் எழுதுங்கள், வழக்கத்தைவிட அதிகம் கட்டிய வரிகளுக்கு நிறம் கொடுங்கள். அந்த நிறம் தோல்விகளுக்கு அடுத்தடுத்தே வருகிறதா என்று பாருங்கள்.

கூறு போட்டுப் பார்ப்பதிலும் அளவு வேண்டும். லீக், கிழமை, பந்தய வகை, ஆட்ஸ் அளவு என்று இருபது விதமாகப் பிரித்தால், எதிலுமே சாதகம் இல்லாவிட்டாலும் ஏதோ ஒரு கூறு அட்டகாசமாகத் தெரியும். "ஞாயிற்றுக்கிழமை ஜெர்மன் லீக்கில் 2.5 கோலுக்கு மேல்" (மூன்று கோலாவது விழும் என்ற பந்தயம்) உங்களுடைய தங்கச் சுரங்கம் என்று அறிவிப்பதற்கு முன், அடுத்த 100 லெக்கில் அது நிற்கிறதா என்று பொறுங்கள்.

பழைய கணக்கை அப்படியே நம்புவதும் ஆபத்து. இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் 2020-21 சீசனில், பெரும்பாலும் ரசிகர்கள் இல்லாத மைதானங்களில், சொந்த மைதான வெற்றிகளைவிட வெளியூர் வெற்றிகள் அதிகமாக இருந்தன. 2023-24ல் அதே லீக்கில் 1,246 கோல்கள் விழுந்தன. அதற்கு முந்தைய சீசனில் 1,084தான். இப்படிப்பட்ட சீசன்களில் எழுதிய வரிகள் அடுத்த வருடத்துக்குப் பொருந்தாமல் போகலாம். சீசன் பெயரை ஒரு பத்தியில் வைத்தால் பிரித்துப் பார்ப்பது சுலபம்.

எழுதிவிட்டு ஒன்றும் மாற்றாமல் இருப்பது

எவ்வளவு அழகான ஸ்பிரெட்ஷீட்டும் சில முடிவுகளுக்குத்தான் உதவும். லெக் அளவில் சாதகம் தெரிகிறது, முடிவு ஆட்ஸையும் தொடர்ந்து முந்துகிறீர்கள், ஸ்லிப் அளவில் மட்டும் நஷ்டம் என்றால், நிரப்பு லெக்குகளை வெட்டி சிங்கிளுக்கோ இரண்டு லெக்குக்கோ இறங்குங்கள். ஒரு வகையில் மட்டும் நஷ்டம் குவிகிறது என்றால் அதை விடுங்கள். நூற்றுக்கணக்கான லெக்குகளுக்குப் பிறகும் நஷ்டம் மார்ஜின் அளவிலேயே நிற்கிறது, முடிவு ஆட்ஸையும் முந்த முடியவில்லை என்றால், தேர்வில் சாதகம் இல்லை. பெரும்பாலானோரின் கணக்கு இந்த இடத்தில்தான் வந்து நிற்கும். அப்போது செய்யக்கூடிய உருப்படியான மாற்றம், கட்டுவதைக் குறைப்பது அல்லது நிறுத்துவது. அந்த எல்லையை, இத்தனை யூனிட் போனால் நிறுத்துவேன் என்று, முதல் வரி எழுதும் அன்றே தாளின் மேலே எழுதி வைத்துவிடுங்கள். நஷ்டத்தின் நடுவில் எழுதுகிற எல்லை நகர்ந்துகொண்டே இருக்கும்.

நோட்டில் வாரக்கணக்கில் இடைவெளி விழுந்து, அந்த வாரங்களில்தான் அதிகம் கட்டியிருக்கிறீர்கள் என்று வங்கி அறிக்கை காட்டினால், அல்லது வீட்டில் யாரும் பார்க்கக்கூடாது என்று கணக்கை மறைக்கத் தோன்றினால், அதற்கு இன்னொரு பத்தி சேர்த்துப் பயனில்லை. உரிமம் பெற்ற பல புக்மேக்கர் தளங்களின் அமைப்புப் பக்கத்தில் பணம் போடுவதற்கு வரம்பு வைக்கவும், கணக்கைச் சில மாதங்களுக்கு மூடி வைக்கவும் வசதி இருக்கும். அன்றே போடுங்கள். கூடவே சூதாட்டப் பழக்கத்துக்கு உதவுகிறவர்களிடமோ நெருங்கிய ஒருவரிடமோ அந்த நோட்டை அப்படியே காட்டிப் பேசுங்கள்.