செயல்திட்டத்தைச் சார்ட் பேப்பரில் முடக்காதீர்கள்: தொடக்க வகுப்புகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர்ப் பக்கத்துத் தொடக்கப் பள்ளிகளில் செயல்திட்டம் (புராஜெக்ட்) என்றதும் தெர்மாகோல் கோட்டை வந்து நிற்கிறது. அகழிக்கு நீலக் காகிதம், மதில்மேல் ஒரு கொடி. யார் செய்தது என்று விசாரித்தால் அண்ணன் அல்லது மாமா. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. அந்தக் கோட்டையைப் பற்றிக் கேட்க அந்தப் பிள்ளையிடம் எத்தனையோ கேள்விகள் இருந்திருக்கும். மதிலைச் சுற்றி ஏன் தண்ணீர்? உள்ளே எப்படிக் கோயில் வந்தது? 1806 ஜூலையில் சிப்பாய்கள் ஏன் கிளர்ந்தார்கள்? ஒன்றைக்கூட யாரும் கேட்க விடவில்லை.

எல்லாத் தவறுகளுக்கும் வேர் இதுதான்: கேள்வியில் தொடங்காமல் பொருளில் தொடங்குவது. அமெரிக்கக் கல்வியாளர் வில்லியம் கில்பாட்ரிக் 1918இல் செயல்திட்ட முறையை விளக்கி எழுதியபோதே, குழந்தை தனக்கென ஒரு நோக்கத்தோடு முழு மனதாக ஈடுபட வேண்டும் என்றுதான் வலியுறுத்தினார். ‘கோட்டை செய்துகொண்டு வா’ என்பதில் இருக்கும் நோக்கம் ஆசிரியருடையது. ‘எதிரியாக வந்தால் நீ எந்தப் பக்கமாக உள்ளே நுழைவாய்?’ என்று கேட்டால் பிள்ளை தானே கோட்டையின் வரைபடத்தைத் தேடும்.

கேள்வி இருந்தால் மட்டும் போதாது, அது பிள்ளையின் கைக்கு எட்ட வேண்டும். ‘பாலாறு ஏன் வறண்டது?’ என்று ஐந்தாம் வகுப்பில் கேட்பதைப் பார்த்திருக்கிறேன். நந்தி மலைப் பகுதியில் பிறந்து, கர்நாடகம், ஆந்திரம் கடந்து நம்மிடம் வரும் ஆறு அது. பத்து வயதுப் பிள்ளை அதற்கு விடை தேட எங்கே போகும்? செல்போனில் தேடி, வந்ததை அப்படியே எழுதிக்கொண்டு வரும். அதையே ‘நம் தெருவில் எத்தனை வீடுகளில் ஆழ்துளைக் கிணறு இருக்கிறது, எந்த ஆண்டு போட்டது, எத்தனை அடி?’ என்று சுருக்குங்கள். பாட்டியிடம் கேட்கலாம், பக்கத்து வீட்டில் கேட்கலாம், பட்டியல் போடலாம். பழைய கிணற்றின் ஆழத்தையும் புதிய கிணற்றின் ஆழத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதும்போது, ஆற்றைப் பற்றிய பெரிய கேள்வி தானாக எழும்.

அடுத்தது அவசரம். இதை ஒரு காட்சியோடு சொல்வதுதான் சரி. வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஒன்றியத்தில் ஒரு நான்காம் வகுப்பு. பள்ளிக் குழாய் ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது. எவ்வளவு தண்ணீர் வீணாகிறது என்பதுதான் பிள்ளைகளின் கேள்வி. ஒரு லிட்டர் பாட்டிலைக் கீழே வைத்தார்கள், 20 நிமிடத்தில் நிரம்பியது. மணிக்கு 3 லிட்டர், நாளுக்கு 72 லிட்டர் என்று பெருக்கினார்கள். பெரும்பாலான வகுப்புகளில் இந்த இடத்தில் கைதட்டி, 72 என்று சார்ட்டில் எழுதி முடித்துவிடுவோம். அப்போது ஒரு சிறுமி, “டீச்சர், நாம் வீட்டுக்குப் போன பிறகும் சொட்டுமா?” என்றாள். ஆசிரியர் பதில் சொல்லவில்லை, “எப்படித் தெரிந்துகொள்ளலாம்?” என்று மட்டும் திருப்பிக் கேட்டார். மாலையில் 12 லிட்டர் குடம் ஒன்றைக் குழாயடியில் வைத்துவிட்டுப் போனார்கள். கணக்குப்படி 4 மணி நேரத்தில் நிரம்பி வழிந்திருக்க வேண்டும். காலையில் குடம் பாதிதான் இருந்தது. மாடித் தொட்டியில் தண்ணீர் தீர்ந்துபோயிருக்கிறது! அப்படியானால் 72 என்பது தொட்டியில் நாள் முழுவதும் தண்ணீர் இருந்தால் மட்டுமே பொருந்தும் என்று பிள்ளைகளே சொன்னார்கள். ஆசிரியர் வாயைத் திறந்திருந்தால் இது நடந்திருக்காது. பெருக்கல் வாய்பாடு தெரிந்த பிள்ளைக்கும் அதை எங்கே நம்பலாம் என்று அன்றுதான் தெரிந்தது.

செயல்திட்டத்தை வீட்டுப்பாடமாக அனுப்புவதை அறவே நிறுத்த வேண்டும் என்பேன். இங்கே பல வீடுகளில் அம்மா பீடி சுற்றுகிறார், அப்பா தோல் தொழிற்சாலைக்கோ கட்டட வேலைக்கோ போகிறார். இரவில் சார்ட்டும் பசையும் வாங்கக் கடை தேடி அலைவது அவர்கள்தான். வாங்க முடியாத வீட்டுப் பிள்ளை மறுநாள் வகுப்பில் தலை குனிந்து நிற்கிறது. வீட்டுக்குக் கேள்வியை மட்டும் அனுப்புங்கள். வேலை வகுப்பறையில் நடக்கட்டும்.

குழு என்று ஆறேழு பேரை உட்காரவைத்தால் எழுத்து அழகாக இருக்கும் பிள்ளையே எல்லாவற்றையும் எழுதும், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். நான்கு பேர் போதும். அளப்பவர், எழுதுபவர், கேட்பவர், சொல்பவர் என்று வேலையைப் பிரித்து, தினமும் மாற்றுங்கள். அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்ட வகுப்புகளில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து உட்காரவைப்பது எழுத்துக்கும் எண்ணுக்கும் உதவும். செயல்திட்டத்திலும் அதே பிரிவை வைத்துக்கொள்ள வேண்டாம். வாசிக்கத் தடுமாறும் பிள்ளைதான் பல நேரங்களில் சந்தையில் கத்தரிக்காய் வியாபாரியிடம் கூச்சமில்லாமல் பேசி, இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் எது, மற்றது எது என்று விசாரித்து வருகிறது.

மதிப்பெண்ணிலும் கவனம் தேவை. 2012இல் ஆண்டை மூன்று பருவங்களாகப் பிரிக்கும் முப்பருவ முறையோடு வளரறி மதிப்பீடு வந்ததே, கற்கும் வழியெங்கும் பிள்ளையைக் கவனிப்பதற்காகத்தான். பளபளக்கும் சார்ட்டுக்கு முழு மதிப்பெண் கொடுத்தால் அது பெற்றோருக்குப் போடும் மதிப்பெண். குடம் பாதிதான் நிரம்பியது ஏன் என்று யோசித்த பிள்ளைக்கு எங்கே மதிப்பெண்? தினமும் இரண்டு வரி குறிப்பெடுத்தால் போதும், பிள்ளையின் வளர்ச்சி அதில் தெரியும்.

கண்டுபிடித்ததைக் கேட்க ஆள் இல்லாமல் விடுவதும் தவறு. குழாய்க் கணக்கைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பிள்ளைகளே சொல்லட்டும். மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்று நடக்கும் கிராம சபையிலும் சொல்லலாம். கேட்பவர்கள் பெரியவர்கள் என்று தெரிந்தால் பிள்ளைகள் தங்கள் கணக்கை இன்னொரு முறை சரிபார்க்கிறார்கள்.

காலத்தையும் பார்த்துத் தொடங்குங்கள். பருவத் தேர்வுக்கு முந்தைய வாரத்தில் ஆரம்பித்தால் பாதியில் நிற்கும். வெளியே போய் அளக்கும் வேலையை வேலூர் வெயிலில் மார்ச்சுக்குப் பிறகு வைத்தால் காலை ஒன்பதரைக்குள் முடிக்க வேண்டியிருக்கும். தண்ணீர் பற்றிய செயல்திட்டம் என்றால் செப்டம்பரில் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஜனவரியில் ஒருமுறை அளக்க வையுங்கள். முதல் அளவுகளை வகுப்பறைச் சுவரிலேயே எழுதி வைத்துவிட்டால், இரண்டாவது முறை யாரும் தேட வேண்டியிருக்காது.